மஞ்சள் வைத்த சித்திரக்கதை

எனக்குச் சோறு போடுவது பிளெக்ஸ் பேனர். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு கடையில் டிசைனர் வேலை. கல்யாணம், காதுகுத்து, கட்சி, கண்ணீர் அஞ்சலி எல்லாம் வரும் என்றாலும் கடையை ஓட்டுவது பூப்புனித நீராட்டு விழாதான். வாட்சப்பில் ஒரு சிறுமியின் படம் வரும். பின்னணியை வெட்டிப் போட்டுவிட்டு அவளைச் சிம்மாசனத்தில் உட்காரவைத்து, தலையில் கிரீடம் ஏற்றி, முகத்தை நன்றாக வெளுப்பாக்கி, மேலே 'விழா நாயகி' என்று எழுத வேண்டும். கீழே தாய்மாமன்கள். அவர்களுக்கும் கீழே சொந்தக்காரப் பிள்ளைகளின் தலைகள் வரிசையாக. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. இந்தச் சம்பளத்தில்தான் அம்மாவும் நானும் சாப்பிடுகிறோம்.

என்னையும் ஒரு காலத்தில் இப்படி மாட்டிவைத்தார்கள். எரியோட்டுப் பக்கம் எங்கள் ஊர். அப்போது நான் ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்கு எதிரே பஸ் நிற்கும் இடத்தில் என் தாய்மாமா பேனர் கட்டினார். அதில் ஓர் ஓரமாக நான். நடுவில் மாமா, கறுப்புக் கண்ணாடியும் காதில் போனுமாக, என்னைப் போல இரண்டு மடங்கு பெரிய முகத்தோடு. விடுப்பு முடிந்து வகுப்புக்குப் போனபோது அறிவியல் வாத்தியார் எல்லார் முன்னாலும் "வாழ்த்துகள்மா" என்றார். பையன்கள் பெஞ்சைத் தட்டினார்கள். எனக்கு ரத்தம் வந்த சேதி குஜிலியம்பாறை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது. மழையும் காற்றும் வந்து அதைக் கிழிக்கும்வரை நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டே பஸ்ஸுக்கு நின்றேன். அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் காமிக்ஸ் கட்டுக்கட்டாக இருந்தது. இரவல் வாங்கி எல்லாவற்றையும் படித்தேன். அவற்றில் வரும் பெண்கள் பெரும்பாலும் நாற்காலியில் கட்டப்பட்டிருப்பார்கள். அவிழ்த்துவிட்டால் "நன்றி" என்பார்கள். இதையெல்லாம் ஒரு பெண்ணும் வரையலாம் என்பது எனக்கு ரொம்ப நாள் தோன்றவே இல்லை. ஒருநாள் போனில் எதையோ தேடப்போய், முகம் தெரியாத ஒருத்தி கையால் வரைந்த சித்திரக்கதையின் சில பக்கங்கள் கண்ணில் பட்டன. பஸ் பயணத்தில் சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் கதை, அவ்வளவுதான். அவளுக்கே செய்தி அனுப்பிக் கேட்டதில், ஜெராக்ஸ் எடுத்து ஸ்டேப்ளர் பின் அடித்த புத்தகம் ஒன்று தபாலில் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நேராக என் தோழியின் பியூட்டி பார்லருக்கு ஓடினேன்.

தோழி அகரத்துக்காரி. மணப்பெண் அலங்காரம், சடங்கு அலங்காரம் இரண்டும் செய்வாள். ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சில் பூசைக்குப் போகிறாளோ இல்லையோ, முகூர்த்த நாளில் ஸ்கூட்டரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவாள். அவள் முன்னால் கண்ணை மூடி உட்காரும் சிறுமிகள் அம்மாவிடம் சொல்லாததையெல்லாம் அவளிடம் சொல்வார்கள். அவள் அந்த ஜெராக்ஸ் புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டு, "ஏண்டி, இம்புட்டுதானா? இதவிட எங்கிட்ட கெடக்குடி, அம்புட்டும் கெடக்கு. நீ வரையிறியா?" என்று கேட்டாள். அப்படித்தான் ஆரம்பித்தது. அவள் சொல்லச் சொல்ல நான் வரைந்தேன். கடையில் வீணாகும் பிளெக்ஸ் துண்டுகளின் வெள்ளைப் பின்பக்கத்தில் மார்க்கரால் கிறுக்கிப் பார்த்துவிட்டு, பிறகு நல்ல தாளில் வரைவேன். ஒரு சிறுமி, அவள் பள்ளிக்கூடம், அதற்கு எதிரே அவளுடைய பேனர். புத்தகத்துக்கு 'விழா நாயகி' என்றே பெயர் வைத்தோம். அதன் ஒன்பதாம் பக்கம் முழுக்க ஒரே கட்டம். பேனர் நடுவில் ஒரு மாமா, கறுப்புக் கண்ணாடி, காதில் போன். சிறுமி அவர் தோளுக்கும் சட்டத்துக்கும் நடுவே நசுங்கிக் கிடப்பாள்.

சென்னையில் ஒரு பதிப்பாளருக்கு அனுப்பினோம். அவர் போனில் அன்பாகத்தான் பேசினார். "ரொம்ப நல்லா வந்திருக்கும்மா. அந்த ஒன்பதாம் பக்கம் மட்டும் எடுத்துடலாம். தாய்மாமன் உறவைக் கிண்டல் பண்ற மாதிரி இருக்கு. கடைசியில அந்தப் பொண்ணு கலெக்டரா வந்து எறங்கற மாதிரி முடிச்சா பள்ளிக்கூடங்களுக்கே குடுக்கலாம்."

"கலெக்டர் ஆகலைன்னா அவளுக்குக் கோபம் வரக்கூடாதா சார்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு வேறு அழைப்பு வருகிறது என்றார். அன்றைக்கே முடிவு செய்தேன், இந்தப் புத்தகம் வந்தால் ஒன்பதாம் பக்கத்தோடுதான் வரும். எவருக்காகவும் அதை எடுப்பதில்லை. என் முகத்தை ஊர் நடுவில் மாட்டும்போது எவரும் என்னைக் கேட்கவில்லை. அதைச் சொல்கிற ஒரே ஒரு பக்கம் அது. அதையும் பிடுங்கிவிட்டால் மிச்சமிருப்பது பட்டுப்பாவாடை கட்டிய ஒரு பொம்மைக் கதை.

நாங்களே அச்சடிப்பதென்று கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஓர் அச்சகத்துக்குப் போனோம். முதலாளி பக்கங்களைப் புரட்டிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "ஏம்மா, இதுக்கு எதுக்கு வேற எடம் தேடுறீக, அடிச்சுத் தாரேன். ஆனா உள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கல, சரியா?" என்றார். அவரைப் பாராட்ட வேண்டும். அவர் ஒரு பக்கத்தையும் எடுக்கச் சொல்லவில்லை.

புத்தகம் வாங்கப் போன அன்று கட்டுகள் வாசலிலேயே தயாராக இருந்தன. ஒரு கட்டைப் பிரித்தேன். அட்டையில் நான் வரைந்த சிறுமி, கழுத்தில் மாலையோடு முறைத்துக்கொண்டிருந்தாள். அட்டையின் நான்கு மூலையிலும் மஞ்சள். இன்னொன்றை எடுத்தேன், அதிலும் மஞ்சள். எல்லாக் கட்டையும் பிரித்துப் போட்டேன். ஒரு பிரதி விடாமல், அரைத்த மஞ்சளைக் குழைத்து நான்கு மூலையிலும் ஒற்றி வைத்திருந்தார்கள்.

அந்த அச்சகத்தில் பத்திரிகைகளை மடித்துக் கட்டுகிற பெண்கள் மஞ்சள் வைத்தே கட்டுவது வழக்கம். வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேலை மிச்சம் என்று வாடிக்கையாளர்களும் விரும்பிக் கேட்பார்கள். என் அட்டையில் மாலை போட்ட சிறுமி, மேலே 'விழா நாயகி'. யாரோ பெரிய இடத்துச் சடங்குப் பத்திரிகை, அதனால்தான் புத்தகம் மாதிரி இத்தனை பக்கம் என்று நினைத்துவிட்டார்கள். நான் கத்தினேன். எந்தச் சடங்கை எதிர்த்து மாதக்கணக்காக வரைந்தேனோ அதன் மஞ்சளையே எடுத்து என் புத்தகத்தின் தலையில் தடவினால் யாருக்குத்தான் பொறுக்கும்? கட்டுகிற பெண்களில் ஒருத்தி, கையெல்லாம் மஞ்சளாக, என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"எதுக்குக்கா எங்கள வையிற? மஞ்சள் வைக்காம நல்ல காரியத்துக்குக் காயிதம் போகுமா?"

"இது நல்ல காரியம் இல்லக்கா, புத்தகம்!"

"புத்தகம் போடுறது நல்ல காரியம் இல்லையா?" என்றாள். ஈரப் பஞ்சை வைத்து ஒரு பிரதியைத் துடைத்துப் பார்த்தேன். மஞ்சள் போகாமல் அட்டை முழுக்கப் பரவியதுதான் மிச்சம். தோழி அங்கேயே படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளையும் திட்டினேன்.

திண்டுக்கல்லில் ஒரு புத்தகக் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் மூலைகளைப் பார்த்துவிட்டுக் கையைக்கூட நீட்டவில்லை. "பத்திரிகைக் கடை அந்தச் சந்துலம்மா" என்று வழி காட்டினார். இன்னொரு கடையில் வாங்கி வைத்தார்கள், குழந்தைகள் வண்ணம் தீட்டும் புத்தகங்களுக்கு நடுவே. யாரோ ஒரு அப்பா பிள்ளைக்கு வாங்கிப் போய் ஒன்பதாம் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து போட்டாராம். அவர்களும் எங்களிடம் திருப்பிவிட்டார்கள். கட்டுகள் எங்கள் வீட்டில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தோழிதான் ஒரு கட்டை எடுத்துத் தன் அலங்காரப் பெட்டியில் போட்டுக்கொண்டாள். "மஞ்சள் வச்சுட்டாகல்ல, பத்திரிகை மாதிரியே குடுத்துட்டு வாரேன்" என்றாள். போன இடத்திலெல்லாம் கொடுத்தாள். பெண்கள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார்கள். ஆண்களும்கூட துண்டைச் சரிசெய்துகொண்டு வாங்கினார்களாம். எங்கள் பக்கத்தில் மஞ்சள் வைத்த காகிதத்தை எவரும் குப்பையில் போட மாட்டார்கள், அதில் வடையை மடிக்க மாட்டார்கள். சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பார்கள். புத்தகக் கடையில் கால் வைக்க முடியாத என் புத்தகம், எரியோட்டிலும் குஜிலியம்பாறைப் பக்கமும் சாமி அலமாரிகளில் போய் உட்கார்ந்துகொண்டது. மஞ்சளைத் துடைக்கப் போன என்னை நானே ரெண்டு வார்த்தை திட்டிக்கொண்டேன்.

பின் அட்டையில் பார்லர் நம்பர் போட்டிருந்தோம். போன் வர ஆரம்பித்தது. முதலில் வந்த அழைப்புகளிலெல்லாம் ஒரே கேள்விதான்.

"ஏத்தா, மண்டபம் எதுன்னு போடலையே? எரியோடா, வேடசந்தூரா?"

"உள்ள படிங்க அத்தை, எல்லாம் இருக்கு" என்பாள் தோழி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. மண்டபத்தைத் தேடித் தேடியே அவர்கள் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் அழைப்புகள் மாறின. "எனக்கும் இப்பிடித்தான் வச்சாக" என்று ஒருத்தி ஆரம்பித்தால் தோழி பவுடர் டப்பாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருத்தி தன் பேனரைக் கிழித்து ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டதாகச் சொன்னாள். குஜிலியம்பாறைப் பக்கமிருந்து ஒரு தாய் பேசினாள். அவள் மகள் புத்தகத்தைக் காட்டி, பேனர் கட்டினால் பள்ளிக்கூடத்துக்கே போக மாட்டேன் என்றுவிட்டாளாம். "சரி, வாரவங்களுக்குச் சோத்தப் போட்டு அனுப்பிருவோம், பேனர் வேணாம்னு எங்க வீட்டுக்காரரே சொல்லிட்டாரு. அந்தப் புத்தகம் இன்னொண்ணு கெடைக்குமா? எங்கொழுந்தியா கேக்குறா" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் பார்லரில் குதித்தோம். நான் வேலை பார்க்கும் கடைக்கு ஒரு பேனர் நஷ்டம், அதைப் பற்றி எனக்குத் துளி வருத்தமில்லை. இரண்டாம் பதிப்பு போடுவதென்று அன்றே தீர்மானித்தோம்.

அப்போதுதான் மாமா வந்தார்.

அப்பா செத்த பிறகு எங்களுக்கு ஆண் துணை என்று ஊர் கைகாட்டியது அவரைத்தான். அம்மாவுக்குத் தம்பி. என்னை டிப்ளமோ படிக்கவைத்தவர். பொங்கலுக்குப் பொங்கல் கரும்பும் பானையுமாக அம்மாவுக்குச் சீர் கொண்டு வருகிறவர். அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியிருப்பதும் அவர் ஒருவர்தான். எங்கள் புத்தகம் எப்படியோ அவர் வீட்டுக்கும் போயிருக்கிறது. அவரே இரண்டு கையாலும் வாங்கி, தன் பெயரை எந்த வரிசையில் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கப் பிரித்திருக்கிறார். பெயர் இல்லை. ஒன்பதாம் பக்கத்தில் ஆளே இருந்தார்.

வந்தவர் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. புத்தகத்தை என் முன்னால் நீட்டினார்.

"என்னத்தா இது?"

"புத்தகம் மாமா."

"டீக்கடையில ஒருத்தன் கேக்குறான், 'என்னப்பா, படத்துலயெல்லாம் வார'ன்னு. இன்னொருத்தன் போனைக் காதுல வச்சு எனக்கு நடிச்சுக் காட்டுறான். ஊருக்குள்ள தலைகாட்ட முடியல. என்னையக் கேட்டியா நீ? எம் மூஞ்சிய வரையிறேன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

"எப்டி இருக்கு மாமா? கேக்காமக் கொள்ளாம நம்ம மூஞ்சிய ஊரு பாக்க மாட்டிவச்சா எப்டி இருக்குன்னு இப்பத் தெரியுதுல்ல? உங்களுக்கு வயசு அம்பதுக்கு மேல. எனக்கு அப்ப பன்னெண்டு."

"நான் செஞ்சது சீரு! ஊரு மெச்சச் செஞ்சேன்!"

"ஊரு மெச்சுச்சு. என்னைய எவன் கேட்டான்?"

மாமா புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கிழிக்கப் போனார். கட்டைவிரல் மூலையிலிருந்த மஞ்சளில் பட்டது. அப்படியே நின்றார். மஞ்சள் வைத்ததைக் கிழிக்க அவருக்கு மனம் வரவில்லை. மெதுவாக டிவி மேல் வைத்துவிட்டு, இன்னும் கூடுதல் கோபத்தோடு என் பக்கம் திரும்பினார். அவருடைய கஷ்டம் எனக்குப் புரிந்தது, ஆனாலும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

"நீ மறுக்காவும் அடிக்கப் போறதாக் கேள்விப்பட்டேன். அந்த ஒரு தாளு இல்லாம அடி. இருந்துச்சுன்னா இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன். பொங்கலுக்குச் சீரு வராது. நான் செத்தாக்கூட அக்கா வரக்கூடாது." சொல்லிவிட்டு அடுப்படியைப் பார்த்தார். "அக்கா, நீயே சொல்லு உம் மககிட்ட."

அம்மா அடுப்படி வாசலில் டீத்தம்ளரோடு நின்றிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. பதிப்பாளரிடம் முடியாது என்று சொல்லலாம், கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்கலாம். அம்மா வந்து என் கையைப் பிடித்து "ஒரு தாளுதானடி, எடுத்துரு" என்றால் என்ன செய்வேன்? எடுக்க மாட்டேன். எடுக்காமல் இருந்தால் அவளுக்கிருந்த ஒரே உடன்பிறப்பையும் நானே அறுத்ததாக ஆகும். அதற்குப் பிறகு ஒரே வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்ப்பது?

அம்மா தம்ளரை மாமாவிடம் நீட்டினாள். "அப்பு, செத்த நேரம் ஒக்காரு."

மாமா தம்ளரை வாங்கினார், உட்காரவில்லை. அம்மா டிவி மேலிருந்த புத்தகத்தை எடுத்து, நேராக அந்தப் பக்கத்தைப் பிரித்தாள். தேடவே இல்லை. அதை அவள் முன்பே படித்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"இவன் இப்பிடித்தான் இருந்தான். சரியாத்தான் வரைஞ்சிருக்க" என்றாள். பிறகு பேனருக்குக் கீழே நான் வரைந்திருந்த பெண்மேல் விரலை வைத்தாள். சிறுமியின் அம்மா அது. எங்கள் ஆல்பத்தில் இருப்பதைப் பார்த்து, பட்டுச் சேலையோடு சிரித்துக்கொண்டு நிற்பதாக வரைந்திருந்தேன். "இதுதான் தப்பு. இது நான் இல்ல."

"போட்டோவுல அப்டித்தானம்மா நிக்கிற?"

"போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னான், சிரிச்சேன். அது மறுநாளு. பேனர் கட்டுன அன்னைக்கி நீ தீட்டுன்னு ஓலைக் குச்சுக்குள்ள ஒக்காந்திருந்த, ஒனக்கு என்ன தெரியும்? நான் பஸ் ஸ்டாப்புக்கே போனேன். வேணாம்னேன். பச்சப்பிள்ள, நாளைக்கி அது இந்த வழியாத்தான் பள்ளியோடம் போகணும், எறக்குங்கடான்னேன்." அம்மா மாமாவைப் பார்த்தாள். "நீ என்ன சொன்ன அப்பு? ஏணியில நின்னவங்க முன்னாடி என்ன சொன்ன?"

மாமா தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, அதெல்லாம் இப்ப எதுக்கு..."

"'பொம்பளைக்கி இங்க என்ன வேலை, வீட்டுக்குப் போக்கா'ன்ன. நான் வந்துட்டேன். அத யாரும் போட்டோ பிடிக்கல."

இத்தனை வருஷம் அந்தப் பேனருக்கு அம்மாவும் சம்மதித்தவள் என்றே நினைத்திருந்தேன். அவள்மேலும் கோபமாகத்தான் இருந்திருக்கிறேன்.

"சீரு வேணாம் அப்பு" என்றாள் அம்மா. "நீ வந்தா சோறு போடுவேன், வராட்டி வருத்தப்படுவேன். அந்தத் தாளு இருக்கட்டும்."

மாமா டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார். பைக் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் அம்மா அழுதாள். நானும் அழுதேன். அந்தப் பொங்கலுக்குக் கரும்பை நானே சந்தையில் வாங்கி வந்தேன்.

இரண்டாம் பதிப்பில் பழைய ஒன்பதாம் பக்கம் அப்படியே இருக்கிறது. அதற்கு முன்னால் புதிதாக ஒரு பக்கம் சேர்த்தோம், பஸ் ஸ்டாப்பில் ஏணிக்குக் கீழே நிற்கும் அம்மாவுக்காக. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவை எதிரே நிற்கவைத்து வரைந்தேன். ஒரு கை மேலே தூக்கியிருக்கும், முகம் கொஞ்சம் வருத்தமாக. பேச்சுக் குமிழுக்குள் அழகான சின்ன எழுத்தில் "வேண்டாம்" என்று எழுதினேன். எனக்கு அது பிடித்திருந்தது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாங்கி, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என்னடி இது, வாய மூடிக்கிட்டு நிக்கிறேன்?" என்றாள். "நான் கெஞ்சல. தெருவே திரும்பிப் பாக்கக் கத்துனேன். வாயத் தொறந்து வரை."